காற்று தள்ளாத கதவு

ஹாலிஃபாக்ஸ்,
ஜூன் 12

திரு. ஆர்மண்ட் ஃபாகோ அவர்களுக்கு,

நலம். 'நலமறிய ஆவல்' என்று எழுதுவதுதான் முறை. அந்த ஆவல் எனக்கு இருக்கிறதா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

சமையலறை மேசையில் நான் வைத்துவிட்டு வந்த சீட்டில் 'அக்கா வீட்டுக்குப் போகிறேன்' என்று மட்டும்தான் இருந்தது. மனைவி அவ்வளவு தூரம் விமானம் ஏறிப் போவதற்குக் காரணம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதனால் எழுதுகிறேன்.

போன செப்டம்பரில் புயல் அடித்த அன்று நீங்கள் படகோடு இருந்தீர்கள். நான் முன்கதவோடு இருந்தேன். தாழ்ப்பாள் பிய்ந்துபோயிற்று. மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, மேசைக்கு என் முதுகை முட்டுக்கொடுத்து, காலையிலிருந்து பொழுது சாயும்வரை தரையில் உட்கார்ந்திருந்தேன். காற்றெல்லாம் போன பிறகு நீங்கள் வந்தீர்கள். தலைமுடி முழுக்க உப்பு. வாசலில் நின்றபடி சொன்னீர்கள்: "வெர்லீன், ரோசலின் மேல ஒரு கீறல்கூட இல்ல!"

அதுதான் முதல் வார்த்தை. என் முதுகில் இருந்த கீறலை மறுநாள் டாக்டர்தான் பார்த்தார். படகுக்கு ரோசலின் என்று பெயர் வைத்தது பழைய சொந்தக்காரர், நீங்கள் இல்லை, அது தெரியும். இருந்தாலும் எனக்கு ஒரு மூத்தாள் இருப்பதாகவே இத்தனை வருடமும் தோன்றியிருக்கிறது.

ஜூன் பிறந்தால் நவம்பர் முடியும்வரை புயல் பருவம். அந்த மாதங்களில் உங்கள் காது வானொலிக்கு, கண் கொல்லையில் தொங்கும் சுறா எண்ணெய்ப் புட்டிக்கு. எண்ணெய் தெளிவாக இருந்தால் விசில் அடிப்பீர்கள். கொஞ்சம் கலங்கினால் புயல் வருகிறது என்று அர்த்தம், சாப்பாடு இறங்காது. இந்த ஒரு வருடமாவது அதையெல்லாம் பார்க்காமல் இருக்கப்போகிறேன். டெல்மா அக்கா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் சமையல்கூடத்தில் ஜனவரியில் ஆள் எடுக்கிறார்களாம். அதில் சேர்ந்து இங்கேயே இருந்துவிடுவதா, திரும்பி வருவதா என்று பருவம் முடிந்ததும் சொல்கிறேன்.

போன் செய்யாதீர்கள். போனில் பேசிப் பேசி என்னைச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். அது அழுகுணி ஆட்டம்.

இப்படிக்கு,
வெர்லீன் ஃபாகோ


செயின்ட் டேவிட்ஸ், பெர்முடா,
ஜூன் 26

அன்பு வெர்லீன்,

உறையின் மேல் 'திரு.' என்று பார்த்ததும் எனக்குக் கோர்ட்டிலிருந்து ஏதோ வந்துவிட்டது என்று தபால்காரர் பயந்துபோனார். "என்னப்பா பண்ண?" என்று கேட்டார். ஒன்றும் பண்ணவில்லை என்றேன். உள்ளே படித்த பிறகுதான் அதுதான் குற்றம் என்று தெரிந்தது.

கதவைப் பற்றி நீ எழுதியதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதுவதும் கிழிப்பதுமாக ஒரு காலைப்பொழுது போயிற்று. கடலில் போகும் ஆளுக்குப் பேச்சு அவ்வளவுதான் வரும். அது உள்ளே கிடக்கட்டும், பிறகு எழுதுகிறேன்.

இங்கே கடல் அசையாமல் கிடக்கிறது. ரோசலினில் போய் நடுவில் எஞ்சினை நிறுத்திவிட்டால் எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோகிறது. மேலேயும் நீலம், கீழேயும் நீலம். நீண்ட வால் வைத்த அந்த வெள்ளைப் பறவைகள் தலைக்கு மேல் வட்டமிடுகின்றன, அவற்றின் வயிற்றில் தண்ணீரின் நிறம் தெரிகிறது. தூண்டிலைப் போட்டுவிட்டு நான் பாதித் தூக்கத்தில் மிதக்கிறேன். மீனும் அப்படித்தான் மிதக்கிறது போலிருக்கிறது, கடிக்க மாட்டேன் என்கிறது.

எண்ணெய் தெளிவாக இருக்கிறது. நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

எதிர்வீட்டு யூனிஸ் வேலியோரம் நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். "எங்கய்யா உன் பொண்டாட்டி? ஆளையே காணோம்?"

"அவ அக்காவுக்கு உடம்பு சரியில்ல. பாத்துக்கப் போயிருக்கா."

"அச்சச்சோ, என்ன உடம்புக்கு?"

சட்டென்று எதுவும் தோன்றவில்லை. "கால்" என்று சொல்லிவிட்டேன்.

வேறு செய்தி இல்லை. ஞாயிற்றுக்கிழமை உப்புக் கருவாடும் உருளைக்கிழங்கும் வேகவைத்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு வைப்பது என்று தெரியாமல் இரண்டு ஆளுக்கு வைத்துவிட்டேன்.

உன்,
ஆர்மண்ட்


ஹாலிஃபாக்ஸ்,
ஜூலை 15

திரு. ஆர்மண்ட் அவர்களுக்கு,

யூனிஸிடமிருந்து டெல்மாவுக்கு ஒரு பார்சல் வந்திருக்கிறது. காலில் தடவ ஒரு தைலம், கூடவே முடவர்களுக்கான ஜெபம் அச்சடித்த ஓர் அட்டை. டெல்மா நாள் முழுக்க வார்டில் நடக்கிறவள். அட்டையைப் படித்துவிட்டு வீடு முழுக்க நொண்டி நொண்டிக் காட்டினாள். "உன் புருஷன் என் காலை எடுத்துட்டானே, இனி நான் எப்படிடி சம்பாதிக்கிறது?" என்கிறாள். நான் சிரிக்கவில்லை. அதாவது, அவள் அறைக்குப் போகும்வரை சிரிக்கவில்லை.

இங்கே காலையில் மூடுபனி இறங்கினால் மதியம்வரை தெரு இருப்பதே தெரியாது. துறைமுகத்திலிருந்து கப்பல்களுக்காக ஊதும் சங்கு மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து துணி மடிப்பேன். சில நேரம் யாருடைய துணியை மடிக்கிறேன், எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே கலைந்துபோகும். மோசமாக இல்லை. பயம் என்று ஒன்று உடம்பில் இருந்தது என்பதே அது போன பிறகுதான் தெரிகிறது.

குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. டெல்மா அதைத் திறந்துவிட்டுவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போவாள். நான் ஓடிப்போய் மூடுவேன். "ஏரி முழுக்க இருக்குடி, தீராது" என்பாள். கூரையில் விழும் மழையை வீட்டுக்கடியில் தொட்டியில் சேர்த்து வருடம் முழுக்கக் குடித்து வளர்ந்தவள்தான் அவளும். எப்படி மறந்தாள் என்று தெரியவில்லை.

நீங்கள் எழுதுகிறேன் என்ற 'பிறகு' இன்னும் வரவில்லை.

வெர்லீன்


செயின்ட் டேவிட்ஸ்,
ஆகஸ்ட் 9

அன்பு வெர்லீன்,

கிரிக்கெட் திருவிழா முடிந்துவிட்டது. தீவின் கிழக்கு அணியும் மேற்கு அணியும் இரண்டு நாள் அடித்துக்கொண்டு கடைசியில் டிரா. நீ இல்லாததால் நம் கூடாரத்தில் நடுவரைத் திட்ட ஆள் இல்லை. யூனிஸ் முயன்று பார்த்தாள். உன் அளவுக்கு வரவில்லை. டெல்மாவின் கால் எப்படி இருக்கிறது என்றும் கேட்டாள். "தேறி வருது" என்றேன். வேறு என்ன சொல்வது?

வெயில் மட்டும் சற்று அதிகம். வெள்ளையடித்த கூரைகளைப் பகலில் நேராகப் பார்க்க முடியவில்லை. அரளிப் பூக்களின் மேல் தூசி. சாயங்காலமானால் விசில் அடிக்குமே, அந்தத் தவளைகள் வாயைத் திறப்பதில்லை. ஊரே ஏதோ ஒரு தூக்கத்தில் இருப்பதுபோல் இருக்கிறது.

புயல் என்று இதுவரை எதுவும் இல்லை. ஒரு மேகத் துண்டுகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இப்படி ஒரு அமைதியான வருடத்தை நான் பார்த்ததே கிடையாது. உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உன்,
ஆர்மண்ட்


ஹாலிஃபாக்ஸ்,
ஆகஸ்ட் 20

ஆர்மண்ட்,

இனி 'திரு.' கிடையாது, 'நீங்கள்' கிடையாது. பொய் சொல்கிறவனுக்கு எதற்கு மரியாதை?

உன் கடிதம் வந்து சேர்வதற்கு முன்பே உன் 'மேகத் துண்டு' இங்கே வந்து சேர்ந்துவிட்டது. வானொலியில் சொன்னார்கள்: பெர்முடாவுக்கு மேற்கே கடந்துபோன புயல் வலுவிழந்து இங்கே மழையாகப் பெய்யுமாம். டெல்மா ஒரு பூகோளப் படத்தை எடுத்து விரித்து, "இதோ உன் புருஷன், இதோ புயல்" என்று விரலை வைத்துக் காட்டினாள். ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. எட்டிப் பார்க்கவில்லையாம்!

கேள். அந்த மழை இங்கே மத்தியானம் தொடங்கியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டிலிருந்த வாளி, சட்டி, டெல்மாவின் துணி துவைக்கும் தொட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டுபோய் வெளிப்படியில் வரிசையாக வைத்தேன். யோசித்துச் செய்யவில்லை. டெல்மா வேலைக்குக் கிளம்பி வந்து திகைத்து நின்றாள்.

"அடியே, படி பூரா சட்டியா வச்சிருக்கே, நான் எப்படி இறங்குறது?"

"கை தானாப் போயிடுச்சுக்கா."

"உனக்குப் பைத்தியம்தான். யாருக்கு இந்தத் தண்ணி?"

துணித் தொட்டியைக் கொஞ்சம் நகர்த்தி அவளுக்கு வழி விட்டேன். அவள் போன பிறகு ஒரு கை அள்ளிக் குடித்தேன். நம் தொட்டித் தண்ணீரின் அதே ருசி. உன்னைத் தாண்டி வந்த மழைதானே. நம் கூரையில் விழ வேண்டியது வழி தவறி என்னைத் தேடி வந்துவிட்டதுபோல் இருந்தது. படியிலேயே உட்கார்ந்து நனைந்துகொண்டிருந்தேன். தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

எனக்குக் கோபம் குறையவில்லை. ஏன் மறைத்தாய்? நான் கண்ணாடிப் பாத்திரமா?

வெர்லீன்


செயின்ட் டேவிட்ஸ்,
செப்டம்பர் 1

வெர்லீன்,

இந்த வருடம் எதுவுமே நடக்கவில்லை என்றால் நீ திரும்பி வருவாய் என்று நினைத்தேன். அதனால் நடந்ததையும் நடக்காததாக்கிவிட்டேன். என் மூளைக்கு எட்டியது அவ்வளவுதான். அந்தப் புயல் என்னைத் தாண்டி நேராக உன் வாசலுக்கு வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இனி நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதுவரை வந்தது இரண்டு. முதலாவது ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கிளம்பிப் பாதிக் கடலைத் தாண்டுவதற்குள் கரைந்துபோயிற்று. வானொலி அதற்கு ஏதோ பெயர் வைத்தது. படகுத்துறையில் நாங்கள் வைத்த பெயர் 'கூச்சக்காரன்'. இரண்டாவதுதான் உன்னிடம் வந்தது. அதற்குப் பெயர் 'பந்தியில் உட்காராத மாப்பிள்ளை'. "இந்த வருஷம் புயலுக்கே சோம்பல் புடிச்சிருச்சு" என்று துறையில் பேசிக்கொள்கிறோம்.

சிரிப்பதெல்லாம் வெளியேதான். ஜூனில் எல்லோரும் அமைதியான பருவம் வேண்டுமென்று ஜெபித்தோம். கேட்டது கிடைத்துவிட்டது. புயல் வராத வருடத்தில் மழையும் வராது என்பதைக் கேட்கும்போது யாரும் யோசிக்கவில்லை. தொட்டிக்குள் கழியை விட்டுப் பார்த்தேன். நனைந்த பாகத்தைவிடக் காய்ந்த பாகம்தான் நீளமாக இருக்கிறது. போன ஞாயிறு சபையில் யூனிஸ் எழுந்து நின்று உரக்க ஜெபம் செய்தாள்: "ஆண்டவரே, புயல் வேணாம். அதோட ஓரத்தை மட்டும் கொஞ்சம் அனுப்பும்." யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஆமென் சொன்னோம்.

நீ படியில் நனைந்ததை எழுதியிருந்தாயே, அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஆர்மண்ட்


செயின்ட் டேவிட்ஸ்,
செப்டம்பர் 18

வெர்லீன்,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். மூன்றாவது வந்து போயிற்று. இனி எதையும் மறைப்பதில்லை என்று சொன்னேன் அல்லவா? என் முட்டாள்தனத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்தத் தடவை நேராக நம் தலைமேல்தான் என்று வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது. எண்ணெய் பால் ஊற்றியதுபோல் கலங்கிவிட்டது. முதல்நாளே ரோசலினைக் குடாவுக்குள் கொண்டுபோய் நங்கூரங்களைப் போட்டு, கரையிலுள்ள மரங்களோடு கட்டினேன். வழக்கம்போல் மற்றவர்கள் அவரவர் படகிலேயே தங்கினார்கள். கயிறு தளர்ந்தால் இழுத்துக் கட்ட ஆள் வேண்டுமே. நான் மறுநாள் விடிந்ததும் கரையேறினேன்.

"என்னப்பா ஆர்மண்டு, எங்க கிளம்பிட்ட?" என்றார்கள்.

"வீட்டுக்கு."

"வீட்டுல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. அதான் போறேன்."

எனக்கும் அதற்கு அர்த்தம் தெரியாது, வாயில் வந்துவிட்டது. பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்து ஜன்னல்களுக்குப் பலகை அடித்தேன். கடல்நீர் தெறித்து வந்து தொட்டியைக் கெடுத்துவிடக் கூடாதே என்று, நாம் எப்போதும் செய்வதுபோல் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் துணியைச் சுருட்டி அடைத்தேன். கையில் அகப்பட்டது உன் பழைய சமையல் ஏப்ரன். மன்னித்துக்கொள். பிறகு கதவைச் சாத்தி, மேசையை இழுத்து முட்டுக்கொடுத்து, அதற்கு என் முதுகைக் கொடுத்து, நீ எழுதியபடியே தரையில் உட்கார்ந்தேன்.

முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று. பிறகு அந்த வெட்கம் போயிற்று. இருட்டிய பகல். பலகை இடுக்கில் ஒரு கோடு வெளிச்சம். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. ரோசலினை நினைத்துக்கொண்டேன். குடாவில் என்ன நடக்கிறது? கயிறு தாங்குகிறதா? எழுந்துபோய்ப் பார்க்கலாமா? அப்போதுதான் எனக்கு உறைத்தது, வெர்லீன். அந்த இடத்தில் உட்கார்ந்தால் கடல் தெரியாது. குடா தெரியாது. எதுவும் தெரியாது. அன்றைக்கு நான் இருக்கிறேனா போய்விட்டேனா என்று தெரியாமல் நீ அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறாய். நான் படகில் இருந்தபோது வீடு எனக்குத் தெரிந்தது. மேட்டின் மேல், வெள்ளைக் கூரையோடு. நீ பத்திரமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உனக்கு நான் தெரியவில்லை.

இது எனக்கு ஒரு வருடமாகத் தோன்றவே இல்லை. கதவு பலமாக இல்லை என்பதுதான் உன் கோபம் என்று நினைத்துப் புதுத் தாழ்ப்பாள் வாங்கி வைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. எழுதுவதற்கு வெட்கப்படவில்லை.

காற்று வந்ததா என்று கேட்பாய். வரவே இல்லை. புயல் கடைசி நேரத்தில் மேற்கே திரும்பிவிட்டது. முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள், வானொலி வாயடைத்துக் கிடந்ததால் எனக்குத் தெரியாது. யாருமே தள்ளாத கதவை நான் பகல் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தேன். மழை மட்டும் வந்தது. கனமான, மெதுவான, நல்ல மழை. கூரையில் அது விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கண் சொருகிவிட்டது. தொட்டி நிறைகிறது, நீ உள்ளே பாத்திரம் கழுவுகிறாய், என்னவோ பாடுகிறாய் என்று ஒரு மயக்கம். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து நாளாயிற்று.

"ஆர்மண்டு! அட ஆர்மண்டு! துணிய எடுத்தியா இல்லையா?"

யூனிஸ் கத்துகிறாள். கதவைத் திறந்து வெளியே ஓடினேன். கூரைத் தண்ணீர் முழுக்க அடைத்த குழாயின் மேல் வழிந்து, படியில் இறங்கி, சாலையில் ஓடி, மேட்டிலிருந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. காற்று வரவில்லை என்று தெரிந்ததுமே ஊரில் எல்லோரும் துணியைப் பிடுங்கிவிட்டார்கள். நான் மட்டும்தான் உள்ளே உட்கார்ந்து கனவு கண்டுகொண்டிருந்தேன். துணியைப் பிடுங்கியபோது மழையும் நின்றுவிட்டது. யூனிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "மீன் புடிக்கிற ஆளு, மழைய வுட்டுட்டியே" என்றாள்.

ரோசலினில் ஒரு கயிறு நழுவிப் பாறையில் உரசிவிட்டது. பக்கவாட்டில் கை நீளத்துக்குக் கீறல். இன்னும் போய் வர்ணம் பூசவில்லை. அவசரமும் இல்லை.

நீ ஜூனில் எழுதியதற்குப் பதில் இதுதான். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

ஆர்மண்ட்


ஹாலிஃபாக்ஸ்,
செப்டம்பர் 29

ஆர்மண்ட்,

ஏப்ரனைப் படித்த இடத்தில் சிரித்துவிட்டேன். சிரிப்பு சத்தமாக வந்துவிட்டது, டெல்மா மாடியிலிருந்து ஓடி வந்தாள். அவள் வருவதற்குள் நான் அழுதுகொண்டிருந்தேன். கடிதத்தைப் பிடுங்கி அவளும் படித்தாள். "மழை பெய்யுதுன்னு தெரிஞ்சும் உள்ள உக்காந்திருக்கான் பாரு" என்றாள். பிறகு கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "அவன் உக்காந்துதான் பாத்திருக்கான்டி" என்றாள்.

நீ கண்டுபிடித்தது சரி. இன்னொன்றையும் சொல்கிறேன், அது உனக்குத் தானாகத் தெரிய வழியில்லை. அன்றைக்கு நான் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது வீட்டைக் காப்பாற்றுவதற்காக இல்லை. வீடு போனால் போகட்டும் என்றுதான் இருந்தது. நீ திரும்பி வந்தால் உள்ளே நுழைய ஒரு வாசல் இருக்க வேண்டுமே என்று பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு நீ வந்தாய். வாசலில் நின்றுகொண்டு படகைப் பற்றிப் பேசினாய். உன் மேல் உயிரையே வைத்திருந்ததால்தான் அது அவ்வளவு வலித்தது. இல்லையென்றால் ஒரு கத்து கத்திவிட்டு விட்டிருப்பேன்.

உன் மழையின் மிச்சம் இங்கேயும் வந்தது. இரண்டு நாள் தூறிக்கொண்டே இருந்தது. இந்தத் தடவை வாளி வைக்கவில்லை. ஜன்னலில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி காரியம். ஆஸ்பத்திரியில் ஜனவரிவரை காத்திருக்க மாட்டார்களாம். ஆள் பற்றாக்குறை. வருகிறாயா இல்லையா என்று அக்டோபர் நடுவுக்குள் சொல்லச் சொல்கிறார்கள். இல்லையென்றால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். எனக்கு மனம் இரண்டு பக்கமும் இழுக்கிறது. அதனால் கேட்கிறேன், உள்ளதை உள்ளபடி எழுது: தொட்டி எப்படி இருக்கிறது? வீட்டில் ஓர் ஆள் கூடினால் தாங்குமா? இதில் ஒரு பொய் சொன்னாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன். அதன் பிறகு எந்தக் கடிதமும் வராது.

வெர்லீன்


செயின்ட் டேவிட்ஸ்,
அக்டோபர் 6

வெர்லீன்,

கடிதத்தை எடுத்துக்கொண்டு படகில் போனேன். கரை மறையும் தூரம் போய் எஞ்சினை நிறுத்தினேன். தண்ணீர் அசையவில்லை. பறவைகள் கிளம்பிப் போய்விட்டன, வானம் வெறுமையாக இருந்தது. 'தொட்டியில் இருக்கிறது, வா' என்று மூன்றே வார்த்தை எழுதினால் போதும். நீ வந்துவிடுவாய். வந்த பிறகு தெரிந்தால் திட்டுவாய், ஆனால் இருப்பாய். அப்படியே மிதந்துகொண்டு அதை மனதுக்குள் பல தடவை எழுதிப் பார்த்தேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா?

உள்ளது இதுதான். தொட்டியின் அடி தெரிகிறது. சேற்றுக்கு மேல் கொஞ்சம் தண்ணீர், அதையும் துணியில் வடிகட்டிக் கொதிக்கவைத்துக் குடிக்கிறேன். குளிப்பது கடலில். தண்ணீர் லாரிக்கு எழுதி வைத்திருக்கிறேன். தீவு முழுக்க அதற்காகக் காத்திருக்கிறது, எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியவில்லை. யூனிஸ் தினமும் ஒரு கேன் தருகிறாள். கூடவே துணியைப் பற்றி ஒரு சொல்லும் தருகிறாள், இரண்டையும் வாங்கிக்கொள்கிறேன். மற்றவர்கள் தொட்டியில் அந்த மழை நிற்கிறது. நம் வீட்டில் மட்டும்தான் இல்லை, என்னால்தான் இல்லை.

ஓர் ஆள் கூடினால் தாங்காது. தெற்கே புதிதாக ஒன்று சுழன்றுகொண்டிருக்கிறது. நமக்கு வருமா, உன்னிடம் வருமா, கூச்சக்காரன்போல் கரைந்துவிடுமா என்று யாருக்கும் தெரியவில்லை. எண்ணெயையும் பார்த்தேன், அதற்கும் தெரியவில்லை.

அதனால் வராதே. ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்துகொள். அங்கே தண்ணீர் இருக்கிறது, பயம் இல்லை, டெல்மா இருக்கிறாள். இந்த வார்த்தைகளை எழுதக் கை வரவில்லை. எனக்கு நீ வேண்டும். காலையில் எழுந்தால் முதலில் வேண்டும், சாப்பிட உட்கார்ந்தால் வேண்டும், நல்ல மீன் ஒன்று அகப்பட்டால் காட்டுவதற்கு வேண்டும். இதை இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தபோது சொல்லவில்லை, இப்போது சொல்லி உன்னை இழுக்கக் கூடாது. ஆனால் உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னாய். இதுவும் உள்ளதுதான்.

ஆர்மண்ட்


ஹாலிஃபாக்ஸ்,
அக்டோபர் 14

என் ஆர்மண்ட்,

இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். சமையல்கூடத்துப் பொறுப்பாளர் அம்மாள் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "எப்போம்மா சேர்றே?" என்றார்.

"சேரலம்மா. ஊருக்குப் போறேன்."

"ஏன், ஏதாவது விசேஷமா?"

"ஊர்ல தண்ணி இல்ல."

"தண்ணி இல்லாத ஊருக்கா போறே?"

"ஆமா."

"அங்கதானே புயல் எல்லாம் வரும்?"

"வரும். இந்த வருஷம் சரியா வரல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். டெல்மாவின் தங்கை இப்படியா என்று யோசித்திருப்பார். வெளியே வந்து தெருமுனைவரை நடந்த பிறகுதான் நான் பாடிக்கொண்டிருப்பது எனக்கே கேட்டது.

பருவம் முடிந்ததும் சொல்கிறேன் என்று ஜூனில் எழுதினேன். அது தப்பு. நவம்பர் போய், கடல் குளிர்ந்து, ஆபத்தெல்லாம் அடங்கிய பிறகு வருவதில் என்ன இருக்கிறது? டிசம்பரில் சுற்றுலாக்காரர்கள்கூட வருகிறார்கள். நான் வந்தால் இப்போதுதான் வர வேண்டும். தெற்கே சுழல்வது சுழலட்டும். அது வந்தால் படகைக் கட்டிவிட்டு நீ மேலே வா, இல்லை நான் கீழே படகுக்கு வருகிறேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கும்படி எங்கேயாவது ஓர் இடத்தில் இருப்போம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இந்த மூன்று வரியை அப்போதே சொல்லியிருந்தால் இத்தனை தபால்தலை மிச்சமாகியிருக்கும்.

நீ 'வா' என்று எழுதியிருந்தால் நான் வந்திருக்க மாட்டேன். தொட்டி காலி என்பதுகூட எனக்குத் தெரியாது என்று நீ இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று அந்தக் கடிதத்தைக் கிழித்திருப்பேன். 'வராதே' என்று எழுதினாய். கல்யாணத்தன்று நீ சொன்னதைவிட அது எனக்குப் பெரிதாக இருந்தது.

டெல்மா ஊர்வரை கூடவே வந்து என்னை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்கிறாள், கால் வலிக்கிறதாம். யூனிஸிடம் நீயே சொல்லிக்கொள்.

இந்த மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை மத்தியான விமானம். விமான நிலையத்துக்கு வரும்போது அழுக்குச் சட்டையோடேயே வா. நான் வருகிறேன் என்று துவைத்துத் தண்ணீரை வீணாக்காதே.

உன்,
வெர்லீன்